எலுமிச்சம்பழம் நசுக்காத விமானம்

நான் ஜெட் விமானம் ஓட்டியிருக்கிறேன்.

பொய். விமானம் தானாகத்தான் ஓடியது, அதுவும் பின்பக்கமாக. நான் அதன் மூக்கைப் பிடிக்கிற மாதிரி ஒரு கையை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையில் எலுமிச்சம்பழத்தோடு, செருப்பில்லாமல், வேட்டி பாதி அவிழ்ந்து, துரத்திக்கொண்டு ஓடினேன். வானத்தில் இல்லை. விழுப்புரம் ரோட்டில் ரெட்டியார்பாளையம் தாண்டி இருக்கிற ஒரு கார் ஷோரூமின் வாசல் சரிவில். மொத்தம் இருபது அடி ஓடியிருக்கும். டீக்கடையில் யாராவது கேட்டால் ஓட்டினேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்ததும் கை கூசுகிறது.

அந்த ஷோரூமில் எனக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக் கார் வாங்குகிறவருக்குச் சாவி கொடுக்கும் நாளில், காருக்குப் பூஜை போட்டு அனுப்புகிற வேலை. சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டி, நாலு டயருக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைப்பேன். கார்க்காரர் வண்டியை முன்னால் நகர்த்துவார். பழம் நசுங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டு ஆட்கள் கை தட்டுவார்கள். சத்தம் வராவிட்டால் வாங்கினவர் முகம் சுண்டிவிடும். அதனால் பழம் பொறுக்குவதில் நான் கெட்டிக்காரன். பெரிய மார்க்கெட்டுக்குப் போய் ஒவ்வொரு பழத்தையும் காதோரம் வைத்து அழுத்திப் பார்ப்பேன். பழக்கார அம்மா, "இன்னாய்யா, ஜூஸ் போடப் போறியா, இல்ல போன் பேசப் போறியா?" என்று கேட்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் கிறிஸ்துவன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். தவறாமல் என்பது என் மனைவி சொல்லச் சொன்னது. எங்கள் அப்பா மில்லில் நூல் வண்டி தள்ளினார். நான் ஷோரூமில் கார் கழுவவும் தள்ளவும் சேர்ந்தேன். தள்ளுவது எங்கள் குடும்பத் தொழில். ஒருநாள் பூஜை போடுகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஷோரூமுக்குப் போய்விட்டார். மேனேஜர் என் கையில் தேங்காயைக் கொடுத்தார்.

"சார், நான் கிறிஸ்டியன்."

"அது தேங்காய்க்குத் தெரியுமாய்யா? உடை."

உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. அன்றிலிருந்து ஷோரூமில் என் பெயர் பூசாரி. கோயிலில் என்னோடு பாட்டுக் குழுவில் நிற்பவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கிறிஸ்துவ வீட்டார் கார் எடுத்தால் மெழுகுவத்தியும் தீர்த்தமும் வைத்திருப்பேன். அந்தத் தீர்த்தத்தை முதலில் ஒரு குவாட்டர் பாட்டிலில்தான் வைத்திருந்தேன். நம் ஊரில் வேறு எந்த பாட்டில் சுலபமாகக் கிடைக்கும்? ஒரு பெரியவர் மூடியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் பாட்டிலை மாற்றினேன்.

கம்பெனி விற்றதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு கார். சின்னக் கார். வாத்தியார், நர்ஸ், மளிகைக் கடைக்காரர் என்று வாங்குகிறவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து வாங்குவார்கள். அவர்களுக்குப் பூஜை போட்டால் ஒரு திருப்தி. பெரிய கார் வாங்குகிறவர்கள் சூடத்தை அணைக்கச் சொல்வார்கள், பெயின்ட் கருத்துவிடுமாம்.

ஒருநாள் எங்கள் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினார்கள். வெள்ளையாக ஒரு குட்டி விமானம் மலை மேல் பறந்தது. உள்ளே ஒருவன் கால் மேல் கால் போட்டுக்கொண்டு எதையோ குடித்தான். அவனுக்கு எதிர் சீட்டில் ஒரு நாய். நாய்க்கும் பெல்ட் போட்டிருந்தது. படம் முழுக்க இங்கிலீஷ். முடிந்ததும் மேனேஜர் எங்களுக்காகச் சொன்னார்.

"நம்ம கம்பெனி இனிமே சின்ன ஜெட் செய்யப் போவுது. சொந்தமா வெச்சிக்கிற ஜெட். ஆறு பேர் போவலாம்."

பின்வரிசையில் இருந்த மெக்கானிக் கையைத் தூக்கினார். அவர் என்னைவிட மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். "சார், சின்னக் காரு பின்கதவு பூட்டு மூணு மாசமா வரல. கஸ்டமர் வந்து கயிறு கட்டிக்கினு போறாங்க. அது எப்ப வரும்?"

"யோவ், வானத்தப் பத்திப் பேசிக்கினு இருக்கோம்."

"அதான் சார் கேக்கறேன். பூட்டு மேலருந்து வுழுமா?"

நாங்கள் சிரித்தோம். மேனேஜர் சிரிக்கவில்லை. சின்னக் காரை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தியை அதற்கப்புறம்தான் சொன்னார், கேக் வெட்டிக்கொண்டே. கேக் விமானம் மாதிரி இருந்தது. என் பங்குக்கு இறக்கை வந்தது. வாயில் வைத்தால் சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது. தின்னவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்றைக்குத் தொடங்கிய குமட்டல் எனக்கு.

இப்போது ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவருடையதுதான். நான் நடுவில் பழம் வைத்தவன்.

அவருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. லாஸ்பேட்டையில் ஒரு காலேஜில் ஆபீஸ் வேலை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் ரொம்ப வருஷம் போய்வந்தார். ஒரு மழையில் அது தண்ணீரில் கவிழ்ந்து இடுப்பு எலும்பு விட்டுப்போனது. இனிமேல் ஸ்கூட்டரில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஆட்டோ. தினமும் ஆட்டோக்காரர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், தூக்கி இறக்க வேண்டும்.

"நல்லவங்கதான் தம்பி, இல்லன்னு சொல்லல," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஆனா மூட்டைய ஏத்தற மாதிரி ஏத்துவாங்க. போன்ல பேசிக்கினே ஏத்துவாங்க. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. ஒருத்தர் கையும் மேல படாம வேலைக்குப் போய் எறங்கணும். வேற ஆசை இல்ல."

அதற்காகத்தான் சின்னக் கார் பதிவு செய்திருந்தார். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைத்து, இழுத்தால் ஓடவும் அழுத்தினால் நிற்கவும் செய்கிற மாதிரி மெக்கானிக் பொருத்தியிருந்தார். கால் தேவையே இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்து ஒப்புக்கொண்டு, நம்பர் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அந்த வகையில் கடைசி கார் அதுதான். கம்பெனி இப்போது விற்கிற மற்ற கார்கள் எல்லாம் உயரம். அவற்றில் ஏறவே அவரை ஒருவர் தூக்கிவிட வேண்டும். இந்தக் கார் போனால் அவருக்குக் கார் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும்.

சாவி கொடுக்கிற நாள் குறித்தார்கள். குறித்த பிறகு விமானம் வந்தது.

வந்தது விமானமே இல்லை. லாரியில் போர்வை போர்த்திக் கொண்டுவந்த பொம்மை. வெளியே பைபர், உள்ளே பிளைவுட். நிஜமானது இன்னும் கம்பெனியிலேயே பிறக்கவில்லையாம், பிறப்பதற்கு முன்னால் ஊர் ஊராகக் காட்டுகிறார்களாம். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் தட்டிப் பார்த்தேன். காலித் தண்ணீர்த் தொட்டி மாதிரி சத்தம் வந்தது. மெக்கானிக் மேனேஜரிடம், "இங்க ஏன் சார், லாஸ்பேட்டை ஏர்போர்ட்ல வெக்கலாமே?" என்று கேட்டார்.

"அங்க வெச்சா பறக்கச் சொல்லுவாங்கய்யா."

மேனேஜர் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான்.

அதை உள்ளே கொண்டுபோக வாசல் கண்ணாடிக் கதவுகளைக் கழற்றினோம். அப்படியும் முழுசாக நுழையவில்லை. மூக்கு உள்ளே, வால் வெளியே. வாசலில் இருந்து ரோடு வரை ஒரு சரிவு உண்டு, கார்கள் ஏறி இறங்குவதற்கு. வால் அந்தச் சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை வைத்து நிறுத்தினோம். இடம் போதவில்லை என்று உள்ளே இருந்த கார்களை எல்லாம் வெளியே தள்ளச் சொன்னார் மேனேஜர். அக்காவின் காரைச் சரிவுக்குக் கீழே ரோட்டோரம் நிறுத்தச் சொன்னதும் அவர்தான். தள்ளியது நான்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஊரில் இருக்கிற பணக்காரர்களைக் கூப்பிட்டு விமானத்துக்குள் உட்கார வைத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். செருப்புகளை வரிசையாக வைக்கிற வேலை எனக்கு. ஒவ்வொருவரும் உள்ளே போய் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்கள். கீழே என்ன தெரியும்? நான்தான் தெரிவேன், கையில் செருப்போடு. ஒரு அம்மா எனக்குக் கையசைத்தார், நிஜமாகவே கிளம்பிப் போகிற மாதிரி. நானும் அசைத்தேன். சீ, எதற்கு அசைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

விமானத்தின் பின்பக்கம் ஒரு கக்கூஸ் இருந்தது. தங்க நிறக் குழாய், வெள்ளைப் பீங்கான் மாதிரி பிளாஸ்டிக். எல்லாம் காட்சிக்கு. குழாயில் தண்ணீர் கிடையாது, கீழே பைப் கிடையாது. நாலைந்து பார் வைத்திருக்கிற ஒரு பெரிய மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, "நல்லா இருக்கு, ஆனா தண்ணி வரல," என்று சொல்லிவிட்டு, நான் எடுத்துக் கொடுத்த செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பூசாரி," என்றார்.

கழுவினேன். பைப் இல்லாத இடத்தில் எப்படிக் கழுவுவது என்பதை எந்த ஸ்கூலிலும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் நாலாவதோடு நின்றது பற்றி எனக்கு வருத்தமில்லை. பக்கெட்டும் துணியுமாக நான் மண்டி போட்டிருந்தபோது, வெளியே ஸ்பீக்கரில் அந்தப் படத்து இங்கிலீஷ்காரன் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு பொண்ணு வந்து உள்ளே சென்ட் அடித்துவிட்டுப் போனது. சென்ட் அந்த நாற்றத்தை மூடவில்லை, அதோடு கலந்துகொண்டது. அன்று வீட்டில் மீன் குழம்பு. தட்டைத் தள்ளி வைத்தேன். என் மனைவி, "எவகிட்ட தின்னுட்டு வந்த?" என்றாள். உண்மையைச் சொன்னேன். அவளும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே அக்கா வந்துவிட்டார். அவருக்குக் குறித்த நாள் அது. விழா முடிந்து சாயங்காலம் சாவி தருகிறோம் என்று முந்தின நாள் போன் செய்திருந்தார்களாம். "லீவு போட்டுட்டேன் தம்பி. ஊட்ல உக்காந்தா கடியாரத்தையே பாத்துக்கினு இருக்கணும். இங்க உக்காந்தா காரையாவது பாக்கலாம்," என்றார். உட்கார இடம் இல்லை. நாற்காலி எல்லாம் விருந்தாளிகளுக்கு வெள்ளைத் துணி போட்டு வைத்திருந்தார்கள். கோலை ஊன்றிக்கொண்டு வெயிலில் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆபீஸ் ஆணியில் இருந்து அவர் கார் சாவியை எடுத்து வந்து, "சும்மா உள்ள உக்காருங்கக்கா, ஏசி போட்டுக்குங்க," என்று கொடுத்தேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. யாரும் பார்க்கவுமில்லை.

அவர் தானாகக் கதவைத் திறந்து, தானாக உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

பதினோரு மணிக்கு பம்பாயில் இருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வந்தார். பேசினார். கை தட்டினார்கள். அப்புறம் பூஜை. நான் வேட்டி கட்டிக்கொண்டு சூடத் தட்டோடு போனேன். மேனேஜர் என் காதில் சொன்னார்: "மூணு வீலுக்கும் மூணு பழம். நாலு பேர் லேசா முன்னால தள்ளுவாங்க. பழம் நசுங்கணும். வீடியோல வரணும்."

பழம் வைக்கக் குனிந்தேன். சக்கரங்களுக்குப் பின்னால் அழுக்குக் கட்டைகள். வீடியோவில் அசிங்கமாகத் தெரியும். அதோடு பூஜை போடுகிற வண்டிக்குப் பின்னால் எதுவும் முட்டுக்கொடுத்து வைக்கக் கூடாது, அது போகிற வண்டியைத் தடுக்கிற மாதிரி என்று யார் சொல்லிக் கொடுத்தாரோ, எனக்கு முன்னால் இருந்த பூசாரி சொன்னதாக ஞாபகம். இத்தனை வருஷத்தில் எந்தக் காருக்குப் பின்னாலும் நான் கட்டை விட்டதில்லை. காருக்கு பிரேக் உண்டு. பிளைவுட்டுக்குக் கிடையாது. அந்தச் சின்ன வித்தியாசம் என் மண்டையில் ஏறவில்லை. மூன்று கட்டையையும் உருவி ஓரமாக வைத்தேன். அழகாக வைத்தேன், ஒன்றின் மேல் ஒன்று.

நாலு பேர் முன்னால் தள்ளினார்கள். சக்கரம் பழத்தில் ஏறப் பார்த்தது. காரென்றால் பழம் கூழாகியிருக்கும். இது வெறும் கூடு, கனமே இல்லை. பழம் நசுங்கவில்லை. சக்கரம் பழத்தில் முட்டி நின்றது, யோசித்த மாதிரி இருந்தது, அப்புறம் பின்வாங்கியது. தள்ளியவர்கள் கையை எடுத்து வீடியோ கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின் சக்கரங்கள் வாசல்படியைத் தாண்டிச் சரிவில் இறங்கின. அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

காரில் இருந்த அக்கா கண்ணாடியில் பார்த்திருக்கிறார். பின்னால் ஒரு விமானம் வருகிறது. அப்படி ஒன்றை விழுப்புரம் ரோட்டில் யார் எதிர்பார்ப்பார்கள்? அவர் கத்தவில்லை, இறங்கி ஓடவும் அவரால் முடியாது. கைப்பிடியை இழுத்துவிட்டார். கார் பத்தடி முன்னால் போய் நின்றது. போகாமல் இருந்திருந்தால் வால் அவர் தலைக்கு நேராக வந்திருக்கும். பின்கதவில் மட்டும் இடித்தது. கதவு உள்வாங்கி, ஒரு விளக்கு உடைந்து, வால் இரண்டாகப் பிளந்தது.

எல்லோரும் ஓடினார்கள். எல்லோரும் வாலிடம் ஓடினார்கள். மேனேஜர் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பெரிய அதிகாரி வீடியோவை நிறுத்தச் சொன்னார். காருக்குள் ஆள் இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை. நானும் முதலில் வாலைத்தான் பார்த்தேன். எத்தனை முறை நினைத்தாலும் அதில்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பு. சாவி கொடுத்தவன் நான்.

அப்புறம்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அக்காவின் கை கைப்பிடியிலேயே இருந்தது.

"அக்கா, ஒண்ணும் ஆவலியே?"

"நல்லாப் போவுது தம்பி," என்றார். "இழுத்ததும் போவுது."

மத்தியானம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் டைப் அடித்த ஒரு காகிதம் இருந்தது. வாசித்துக் காட்டினார். அந்தக் கஸ்டமர் அனுமதி இல்லாமல் தானாகச் சாவியை எடுத்துக்கொண்டார். விழா நடக்கும்போது காரை எடுத்து விமானத்தின் பாதையில் கொண்டுவந்தார். அதனால்தான் சேதம். இதை நான் நேரில் பார்த்தேன். அதனால் பதிவை ரத்து செய்து காரைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும்.

"சார், சாவி நான்தான்..."

"நீ கட்டைய எடுத்தது வீடியோல இருக்கு," என்றார். "இன்சூரன்ஸ் ஆளு நாளன்னிக்கு வரான். இதுல கையெழுத்துப் போட்டா அத யாரும் பாக்கப் போறதில்ல. போடலன்னா உன்ன உக்கார வெச்சிப் பாப்பாங்க."

போட்டேன். வீரமாக மறுத்தேன் என்று எழுத ஆசைதான். போட்டேன். பேனாவைக்கூட அவரிடம்தான் வாங்கிப் போட்டேன்.

மறுநாளும் அக்கா வந்தார். யாரோ பாவம் பார்த்து ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுபக்கமாக நழுவப் பார்த்தேன்.

"தம்பி, இங்க வா. என்னா எழுதிக் குடுத்த?"

"எனக்கு இன்னாக்கா எழுதத் தெரியும்?"

"உனக்கு எழுதத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும். மேனேஜர் காட்னாரு." அவர் கோபமாகப் பேசவில்லை. ஆபீசில் பைல் பார்க்கிற குரலில் பேசினார். "நான் திருடி எடுத்துக்கினு போனேன்னு போட்டிருக்கு. அப்டித்தானா?"

நான் பக்கெட்டில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். அதில் என் மூஞ்சி தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம்.

"நாளைக்கும் வருவேன்," என்றார். "இருபத்தேழு வருஷமா சர்வீசு. லீவு இருக்கு."

அதற்கு மறுநாள் இன்சூரன்ஸ் ஆள் வந்தார். வழுக்கை, மூக்குக் கண்ணாடி, ரொம்ப நிதானம். மேனேஜர் அறையில் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ கையெழுத்து போடுப்பா, சரிபாக்கணும்," என்று வெள்ளைத் தாளை நீட்டினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் கையெழுத்து எனக்கே இரண்டாம் முறை வராது. பேங்கில் என்னைப் பார்த்தாலே கைநாட்டு மைப்பெட்டியை முன்னால் தள்ளுவார்கள். ஒருநாள் போட்டால் நண்டு மாதிரி இருக்கும், மறுநாள் போட்டால் நண்டு செத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அறைக் கண்ணாடி வழியாக அக்கா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கோலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். தாளைப் பார்க்காமல் போட்டேன். போட்டு முடித்ததைப் பார்த்தால் அது கையெழுத்தே இல்லை, மரவட்டை.

இன்சூரன்ஸ் ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கே. இந்தக் காகிதத்துல இருக்கறது யாரு போட்டது?"

மேனேஜர், "அவன்தான் சார், எதிர்லயே போட்டான்," என்றார்.

"நான் அவரக் கேட்டேன்."

அதில் இருந்தது என் நண்டுதான், எனக்கு நன்றாகத் தெரியும்.

"அது என்னுது இல்ல சார்," என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் உபயோகமாக இருந்தது அது ஒன்றுதான். சொல்லி முடித்ததும் மற்றதெல்லாம் உண்மையாக வெளியே வந்துவிட்டது. வாந்தி எடுக்கிற மாதிரி வந்தது. அந்த இறக்கைக் கேக்கில் இருந்து எல்லாம். காரைக் கீழே நிறுத்தச் சொன்னது யார், தள்ளியது யார், சாவி கொடுத்தது யார், கட்டையை உருவியது யார். இன்சூரன்ஸ் ஆள் எழுதிக்கொண்டே வந்தார். கக்கூஸ் விஷயத்தையும் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்தி, "அது வேணாம்," என்றார்.

வேலை அன்றைக்கே போனது. ஒரு பூசாரி வேலையில் இருந்து தூக்கப்பட்ட கிறிஸ்துவன் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். என் மனைவி இரண்டு நாள் பாத்திரங்களோடு மட்டும் பேசினாள். மூன்றாவது நாள், "அந்தப் பொம்பளைக்குக் காரு குடுத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கொடுத்தார்கள். கொடுக்காமல் இருக்க அவர்கள் கையில் காகிதம் இல்லை. ஆனால் பின்கதவை மாற்ற முடியவில்லை. சின்னக் காரை நிறுத்தியாகிவிட்டது, கதவும் வராது, பூட்டும் வராது. எப்போது வரும் என்று அக்கா கேட்டதற்கு, தெரியாது என்றார்கள். "அப்ப இப்டியே குடுங்க," என்றார். மெக்கானிக் சுத்தியலால் தட்டி ஒரு மாதிரி மூடுகிற அளவுக்கு நிமிர்த்திக் கொடுத்தார். என்னையும் அவர்தான் போன் போட்டு வரச் சொன்னார். ஷோரூமுக்கு உள்ளே விடவில்லை, ரோட்டில் நின்றேன். பாட்டிலில் தீர்த்தம் வைத்திருந்தேன். பழக்கதோஷத்தில் சட்டைப் பையில் நாலு பழமும் இருந்தது.

அக்கா கண்ணாடியை இறக்கினார். "தீர்த்தம் தெளி. பழம் வேணாம்."

தெளித்தேன். கைப்பிடியை இழுத்தார். ஒருவரும் தூக்கவில்லை, ஒருவரும் தள்ளவில்லை. விழுப்புரம் ரோட்டில் பஸ்ஸுக்கு நடுவில் போய்விட்டார்.

இப்போது லாஸ்பேட்டையில், அவர் காலேஜுக்குப் போகிற வழியில், ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டி கழுவுகிறேன். பழையபடி கழுவல்தான், பூஜை கிடையாது. வண்டி வராத நேரத்தில் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில், நாலாவது வரை படித்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி, இதை எழுதுகிறேன். அக்கா காரின் பின்கதவு சாதாரணமாகச் சாத்தினால் பிடிக்காது. கீழ் மூலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உதைத்தால்தான் பிடிக்கும். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கடைக்கு முன்னால் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது.

அந்த விமானம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். வாலை ஒட்டி, மறுபடி பெயின்ட் அடித்து, வேறொரு ஊருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கேயும் விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்களாம். அங்கேயும் பூஜை போட்டார்களாம். அந்த ஊர்ப் பூசாரி சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்கக் குனிந்தபோது...

"தம்பி, கதவு தொறந்துக்கிச்சி. பின்னால லாரிக்காரன் கத்தறான். வந்து ஒரு ஒத வுடு."

"தோ வந்துட்டேங்க்கா."